கண்ணாடியில் ஆள் இல்லையென்றால்

நாற்பதடி டிரெய்லரைப் பின்னால் தள்ளி சரக்கு ஏற்றும் டாக்கில் நேராக நிறுத்துவது எப்படி என்று எழுதித் தரும்படி புதிதாக ஓட்ட வந்த நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தரலாம். ஆனால் எழுதிப் படித்து வண்டி ஓட்ட வருமென்றால் எங்கள் குடும்பத்தில் எல்லாருமே டிரைவர்கள் ஆகியிருப்பார்கள்.

எங்களுக்கு நாசரேத். அப்பா தலைமையாசிரியர், அம்மா டீச்சர். அண்ணன் கல்லூரியில் தவளை அறுக்கிறான். அக்கா நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அந்த வீட்டில் சாக்பீஸ் தூசி படாமல் வளர்ந்தவன் நான் ஒருவன்தான். பன்னிரண்டாம் வகுப்பை நான் இரண்டாம் தடவை எழுதிவிட்டு வந்த அன்று அப்பா சொன்னார்: "எல்லாப் பிள்ளையளும் முன்னால போகுது. இவன் ஒருத்தன்தான் ரிவர்ஸ்ல போறான்." வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டில் பெரியவர்கள் வாயில் சும்மா எதுவும் வராது. ரிவர்ஸில் போயே முப்பத்தாறு வருடம் சோறு தின்றுவிட்டு, போன வருடம்தான் சாவியைக் கொடுத்தேன்.

ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் எந்தப் பக்கம் போகும் என்பதை உங்களுக்கு மைதானத்தில் கற்றுக் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதத்தில் அது கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. உங்கள் வண்டிகளில் இப்போது கேமரா இருக்கிறது, கிட்டே போனால் கத்துகிற சென்சார் இருக்கிறது. நல்லதுதான், எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற நாளில் முத்தையாபுரம் உப்பளத்துப் பக்கம் பத்து நிமிடம் போய் வாருங்கள். உப்புத் தூசி ஏறி, கேமராவுக்கும் கண்ணில் பூ விழுந்திருக்கும். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு பக்கத்துக் கண்ணாடியும் உங்கள் புத்தியும்தான். புத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதுவும் என் சீட்டைப் பணயம் வைத்த ஒரு மத்தியானத்தைப் பற்றி.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு மீன் பதனிடும் கம்பெனி. பெயர் வேண்டாம். இறாலையும் கணவாயையும் உறைய வைத்துப் பெட்டியில் அடைத்து, குளிர் கன்டெய்னரில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். அங்கே சரக்கு ஏற்றும் மேடையில் மூன்று வாசல்கள். கன்டெய்னரின் வாயும் குளிர் அறையின் வாசலும் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சாண் கோணினாலும் வெளிவெக்கை உள்ளே புகுந்து சரக்கு வேர்க்கும். இரண்டு ஓரத்து வாசல்களும் பரவாயில்லை. நடு வாசல்தான் எமன். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றால், நடுவில் நுழைகிற வண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற சந்து, அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற சந்து, அவ்வளவுதான் இடம்.

அந்த மேடையில் ஒரு பழக்கம் இருந்தது. ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர் பாதியில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார் என்றால், மேடையில் நிற்கிற பெண்கள் குலவை போடுவார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் போடுகிற அதே குலவைதான். மாப்பிள்ளை இறங்கிவிட்டார் என்று ஒருத்தி குரல் கொடுப்பாள், முப்பது பேர் நாக்கைச் சுழற்றுவார்கள். யாரையும் புண்படுத்த அவர்கள் அதைச் செய்யவில்லை. விடிந்ததிலிருந்து பனிக்கட்டிக்குள் கைவிட்டு நிற்கிறவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் குலவை வாங்கின டிரைவரின் கதை சாயந்தரத்துக்குள் துறைமுக கேட்டு வரைக்கும் போய்விடும். மறுநாள் டீக்கடையில், பெண் வீட்டில் சாப்பாடு எப்படி என்று விசாரிப்பார்கள். ஆகையால் நாங்கள் யாரும் இறங்குவதே இல்லை. இறங்காமல் எத்தனை பேர் எத்தனை தூண்களைப் பெயர்த்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் குலவையில் எல்லார் குரலுக்கும் மேலே ஒரு குரல் தனியாகக் கேட்கும். பெரியதாழையிலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு அக்காவின் குரல் அது. என்னைவிட இரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் அங்கே மேனேஜரைத் தவிர எல்லாருக்கும் அவர் அக்கா. வாரம் முழுக்கக் கம்பெனி விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊருக்குப் போய்விட்டு வருவார். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் தேடி வந்து திட்டுவார், அந்தத் தொண்டையை என் வீட்டுத் தெரு தாங்காது.

நான் டிரெய்லருக்கு வந்து அப்போது இரண்டு மாதம். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் சாதா லாரி. டிரெய்லர் சீட் கிடைத்த அன்று அப்பா முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றி வாய் திறந்தார். மகன் துறைமுகத்தில் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறான், இவ்வளவு நீளம், என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம். அம்மா போனில் சொன்னாள். தலைமையாசிரியரிடம் ஒரு நற்சான்றிதழ் வாங்க எனக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. அந்த சீட் எனக்கு எவ்வளவு பெரிசு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த சீட்டுக்கு முதல் வேட்டு வைத்தவன் நானேதான். ஒரு நாள் கச்சான் காற்றில் உப்பளத்து ரோடு வழியாக வந்தேன். கண்ணாடிகளில் உப்புத் தூசி அப்பியிருந்தது. தோளில் கிடந்த துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, துடைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். உப்பைத் துண்டால் துடைத்தால் போகாது, பரவும். நடு வாசலுக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது இடது கண்ணாடியில் எல்லாமே ஆவிக்குள் நிற்கிற மாதிரி தெரிந்தது. அப்போதெல்லாம் ஆள் காட்டுவதற்கென்று, அதாவது பின்னால் நின்று வழி சொல்வதற்கென்று, அங்கே தனியாக யாரும் கிடையாது. மேடையில் நிற்கிறவர்களில் தொண்டை உள்ள யாராவது "வா, வா" என்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. இறங்கிப் பார்த்திருந்தால் அரை நிமிடம். ஆனால் மேடையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா வேறு தொண்டையைச் செருமுகிற மாதிரி எனக்குத் தோன்றியது. இடம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இடது தூணில் ஒரு முழம் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது.

அன்று குலவை இல்லை. கம்பெனி மேனேஜர் எங்கள் லாரி ஓனருக்குப் போன் போட்டார். எங்கள் ஓனர் அண்ணாச்சி சாயந்தரம் என்னைக் கூப்பிட்டார். அவர் மளிகைக் கடையில் ஆரம்பித்து லாரிக்கு வந்தவர். கோபத்திலும் நிதானமாகத்தான் பேசுவார், அதுதான் பயம்.

"ஏலே, தூணு போனா கட்டிக்கிடலாம். அந்தக் கம்பெனி போனா எனக்குக் கட்ட முடியாது. இன்னொரு பிராது அங்கனருந்து வந்துச்சுன்னா ஒன்ன டிரெய்லர்லருந்து எறக்கி உப்பு டிப்பர்ல ஏத்திருவேன்."

உப்பு டிப்பர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு வருடம் போனால் இடுப்பு பெல்ட்டின் பக்கிள்கூடத் துருப்பிடிக்கும். ஆனால் எனக்கு டிப்பர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. விரித்துக் காட்டின கையை அப்பா மறுபடி மடக்கிக்கொள்ள வேண்டியிருக்குமே என்பதுதான் உறுத்தியது.

அடுத்த லோடுக்குப் போனபோது அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு சொம்புத் தண்ணீர், பழைய நியூஸ் பேப்பர். ஒன்றும் கேட்காமல் படியில் ஏறி என் கண்ணாடிகள் இரண்டையும் கழுவித் துடைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நானே செய்கிறேன் என்று பேப்பரைப் பிடுங்கப் போனேன், தரவில்லை.

"நாங்க குலவ போடுதது சிரிக்கதுக்கு, டிரைவரே. ஒரு ஆளுக்க வேல போறதுக்கு இல்ல," என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் டிரெய்லர் ரிவர்ஸைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததிலேயே உருப்படியான விஷயம். நான் கண்ணாடியில் வண்டியைப் பார்க்கிறேனாம், அதுதான் தப்பாம். வண்டி எங்கும் ஓடிப்போகாது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடியிலும் அந்த வெளிச்சம் ஒரே அகலம் என்றால் வண்டி நேராகப் போகிறது, ஒன்றில் மெலிந்தால் அந்தப் பக்கம் சாய்கிறது. பாறைக்கு நடுவில் வள்ளத்தைக் கரைக்கு விடும்போது அவருடைய வீட்டுக்காரர் வள்ளத்தைப் பார்க்க மாட்டாராம், தண்ணீரைத்தான் பார்ப்பாராம். ஸ்டீயரிங்கைத் தொட்டே பார்க்காத ஒருவர் இதைச் சொன்னார். பதினெட்டு வருடம் ஓட்டிய நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

அதோடு விடவில்லை. நடு வாசலுக்கு வண்டி வரும்போது தானே கீழே நின்று ஆள் காட்டுவதாகச் சொன்னார். வலது தூணுக்குப் பக்கத்தில், தரையில், என் வலது கண்ணாடியில் முழுசாகத் தெரிகிற இடம். பக்கத்து வாசலில் வண்டி நின்றால் அந்த இடத்தில் அவர் இரண்டு டிரெய்லருக்கும் ஒரு சுவருக்கும் நடுவில் நிற்பார். கடைசி இரண்டு அடிக்கு முன்னே வந்து, இடைவெளியைக் கையால் அளந்து சொல்வார். அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"கண்ணாடியில நான் தெரியலன்னா, நான் செத்துட்டேன்னு நெனச்சி வண்டிய நிறுத்திரும். எங்கன போனேன், ஏன் போனேன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கப்பிடாது."

நான் சிரித்துவிட்டு, சரி என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

ஒரு மாதம் தேர் மாதிரி போயிற்று. அவர் கண்ணாடியில் கையசைப்பார், நான் வெளிச்சத்தைப் பார்த்து வருவேன், வண்டி மேடை விளிம்பில் கட்டியிருந்த ரப்பர் மெத்தையில் போய்ச் சாயும். மேனேஜர்கூட ஒரு நாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் நேரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிற மனிதர், அவ்வளவுதான்.

அந்த மத்தியானம் கச்சான் ஊரையே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. முந்தைய வண்டி எங்கேயோ டயர் வெடித்து நின்றுவிட்டதால் எல்லாமே தாமதம். இரண்டு ஓரத்து வாசல்களிலும் வண்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தன, நடு வாசல் எனக்கு. ஏழு மணிக்குள் கன்டெய்னர் துறைமுக கேட்டுக்குள் போயாக வேண்டும், போகாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். மேனேஜர் மேடையிலேயே நின்றார். கண்ணாடி இரண்டையும் சொம்புத் தண்ணீரில் கழுவினேன். அக்கா நீலக் கோட்டும் வலைத் தொப்பியுமாக வலது தூணோரம் போய் நின்று கையைக் காட்டினார். நான் ரிவர்ஸ் போட்டேன்.

அன்று போன மாதிரி வண்டி அதற்கு முன்னால் போனதில்லை. இடது கண்ணாடியில் ஒரு கோடு வெளிச்சம், வலது கண்ணாடியில் ஒரு கோடு வெளிச்சம், இரண்டும் ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரே அகலம். எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு மூச்சு நேரம் இடது கண்ணாடியையே ரசித்துக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பி வலதைப் பார்த்தால் தூண் இருந்தது, சுவர் இருந்தது, அக்கா இல்லை.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது என்று சொன்னால் பொய். ஒரு கணம் மனம் பேரம் பேசியது. வண்டி நேராகத்தான் இருக்கிறது, இன்னும் ஆறடிதான், மேடையிலிருந்து மேனேஜரே "வாங்க, வாங்க" என்கிறார், அக்கா மேடைக்கு ஏறியிருப்பார் என்று. இந்தப் பேரம் உங்களுக்கும் வரும். அப்படித்தான் நான் தூணைப் பெயர்த்தேன் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

வண்டி நின்றதும் மேடையில் சிரிப்புக் கிளம்பியது. நான் கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை இறங்குகிறார் என்று ஒருத்தி கூவ, குலவை ஆரம்பித்தது. ஒரு காலைப் படியில் வைத்தபடியே அதைக் கேட்டேன். முப்பது குரலும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிற அந்தக் குரல் இல்லை.

குலவையை அவர் விட்டதே கிடையாது. வண்டியை ஒட்டிப் பின்னால் ஓடினேன். ஆறடி இடைவெளியில் ஒரு காலிப் பெட்டி கிடந்தது, ஆள் இல்லை. குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தேன், பக்கத்து வண்டிக்கு அடியிலும் பார்த்தேன். யாரும் இல்லை. அக்கா எங்கே என்று மேடையைப் பார்த்துக் கத்தினேன். குலவை அறுந்தது. இங்கேதானே நின்றாள் என்று ஒருத்தி சொன்னாள். யாருக்கும் தெரியவில்லை.

பின்னால்தான் ஒருவரும் இல்லையே, ஏறி ஓட்டுங்கள், நானே ஆள் காட்டுகிறேன் என்று மேனேஜர் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் மேடை மேல் நிற்கிறார். கண்ணாடியில் தெரிய மாட்டார், குரல் மட்டும்தான் வரும், குளிர் கன்டெய்னர்களின் இரைச்சலில் அதுவும் பாதிதான் வரும். நான் ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா எந்தச் சந்திலிருந்து வந்து எங்கே நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? கீழே இறங்கி அக்கா நிற்கிற இடத்தில் நின்று காட்டும்படி மேனேஜரைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். மீன் தண்ணீர் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. தன் ஷூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்கு என்ன திமிர் என்று எழுதியிருந்தது.

அவர் ஓனருக்குப் போன் போட்டு விவரம் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.

"ஏலே, வண்டி நேராத்தான நிக்கி?" என்றார் அண்ணாச்சி.

"நேராத்தான் நிக்கி அண்ணாச்சி."

"பொறவென்ன? ஏத்து."

"பின்னால ஆளு காட்டுத அக்காவக் காணும் அண்ணாச்சி. அவங்க வரட்டும். இல்ல, வேற ஆளு கீழ வந்து நிக்கட்டும்."

அண்ணாச்சி வழக்கமான நிதானத்தோடு, சாவியை அடுத்த வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு இறங்கச் சொன்னார். நாளைக்குக் காலையில் டிப்பருக்கு வந்தால் போதும் என்றார்.

அடுத்த வண்டிக்காரர் முத்தையாபுரத்து ஆள், என் சிநேகிதர். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து சாவியை வாங்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. நான் சுவரோரம் போய் நின்றேன். அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது, வந்தது. அதைவிட அக்கா மேல் கோபம் வந்தது. உயிரோடு எங்கேயாவது நின்று டீ குடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்கிறேன் பார் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, டீ குடித்துக்கொண்டிருந்தால் போதும் ஆண்டவரே என்றும் நினைத்தேன்.

சிநேகிதர் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது வாட்ச்மேன் அறைப் பக்கமிருந்து அக்கா ஓடி வந்தார். தொப்பி இல்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகம். கச்சானில் அன்று விடியற்காலை போன வள்ளங்களில் மற்றதெல்லாம் கரை வந்துவிட, அவர் வீட்டுக்காரரின் வள்ளம் மட்டும் வரவில்லை என்று காலையிலேயே அவருக்குச் சேதி வந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே செல்போன் அனுமதி கிடையாது. ஊரிலிருந்து போன் என்று கேட்டிலிருந்து வாட்ச்மேன் கத்தியதும், பக்கத்து வண்டிக்கு அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கமாக ஓடிவிட்டார். போனில் பேசியது வீட்டுக்காரர்தான். வள்ளம் மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்கி, ஆள் பத்திரமாகக் கரையேறிவிட்டார்.

அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் இங்கே நடந்ததை மேடையிலிருந்து பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அக்கா அப்படியே நின்றுவிட்டார். என் பக்கம் வந்தார்.

"நான் செத்துட்டேன்னா நெனச்சீரு?"

"ஆமாக்கா."

கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவர் நேராக மேனேஜரிடம் போனார். தப்பு தன்னுடையது என்றார், சொல்லாமல் ஓடியது தான்தான், இந்த டிரைவர் நிறுத்தியதுதான் சரி, நேரம் போனதற்குத் தன் மேல் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தினக்கூலிக்கு நிற்கிற ஒருவர் அப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. மேனேஜர், அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், டிரைவரைத்தான் மாற்றியாயிற்றே, நீ போய் உன் இடத்தில் நில் என்றார். அக்கா போகவில்லை.

"எனக்குப் பொறத்தால சொவரு, முன்னால வண்டி. நடுவுல நிக்கது நானு. யாரு ஓட்டணும்னு நாந்தான் சார் சொல்லணும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெல்லிசான குரலை அன்றுதான் கேட்டேன். மேடையில் பெட்டி தூக்கக் குனிந்தவர்கள் குனிந்தபடி நின்றார்கள். சிநேகிதர் யாரும் சொல்லாமலே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் ஓனருக்குப் போன் போட்டார். அண்ணாச்சி யார் அப்படிச் சொல்வது என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மேனேஜர் அந்தப் பெரியதாழைக்காரம்மா என்று பதில் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். போனை வைத்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லிச் சிநேகிதருக்குக் கை காட்டினார்.

இந்த இடத்தில், வண்டி நூல் பிடித்த மாதிரி ஏறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஏறவில்லை. முதல் தடவை ஒரு முழம் கோணியது, முன்னால் எடுத்து மறுபடி வந்தேன். இரண்டாம் தடவை அந்தப் பக்கம் கோணியது. மூன்றாம் தடவைதான் ரப்பர் மெத்தையில் போய்ச் சாய்ந்தது. நடுவில் இரண்டு தடவை இறங்கியும் பார்த்தேன். யாரும் குலவை போடவில்லை. கண்ணாடியில் அக்கா நீலக் கோட்டோடு அசையாமல் நின்றார். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட்டது.

டிப்பரைப் பற்றி அண்ணாச்சி அதன் பிறகு பேசவே இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் டிரெய்லர் சீட்டில்தான் உட்கார்ந்தேன். மறுநாளிலிருந்து நடு வாசலுக்கு எந்தப் புது டிரைவர் வந்தாலும், அக்கா கீழே இறங்குவதற்கு முன்னால் அவர் வண்டிப் பக்கம் போய், கண்ணாடியில் தன்னைக் காணவில்லை என்றால் என்ன செய்வீர் என்று கேட்பார். பதில் சரியாக வந்தால்தான் போய் நிற்பார். வேறு பதில் சொன்ன சிலர் சாயந்தரம் வரைக்கும் வெளியே காத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தானும் எங்கே போவதென்றாலும் முதலில் கையைத் தூக்கி வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போவார்.

இந்தக் கதையைச் சொல்கிற இடத்தில் எல்லாம் உங்களைப் போன்ற ஒருவர் கேட்டுவிடுகிறார்: அன்றைக்குப் பின்னால் ஆபத்தே இல்லையே, அப்படியானால் நீங்கள் சும்மாதானே நிறுத்தினீர்கள் என்று. ஆமாம், சும்மாதான். பின்னால் ஈ காக்கை இல்லை, ஒரு காலிப் பெட்டி கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தும்போது அது எனக்குத் தெரியாது.